முதலில் ஆடியது எது

வண்டியை விட்டு இறங்கிய காசிராஜன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "மேடம், இது என்னைக் கொன்னுடும்."

சுகிர்தாவுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. ஒரகடத்து மோட்டார் சைக்கிள் ஆலையில் அவளுடைய வேலையே அதுதான். வேகத்தில் ஆடும் வண்டிகள் அவளிடம் வரும். ஏன் ஆடுகின்றன என்று கண்டுபிடித்து, ஆடாமல் திருப்பி அனுப்ப வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் வண்டியின் மேல் கோபமாகத்தான் வருவார்கள். இந்த மனிதரிடம் கோபம் தெரியவில்லை. பயம்தான் தெரிந்தது.

"எந்த வேகத்துல ஆடுது?"

"நூத்தி முப்பதுல லேசா ஆரம்பிக்கும். நூத்தி அம்பதுக்கு மேல போனா ஹேண்டில் கையில நிக்காது. இப்படி, இப்படி." இரண்டு கைகளையும் நீட்டி ஆட்டிக் காட்டினார். "ஆக்சிலேட்டரை விட்டா அடங்கிடுது. ஆனா எங்க வேலையில ஆக்சிலேட்டரை விட முடியாதுங்களே."

அவர் குருதி அஞ்சல் ஆள். சென்னையிலிருந்து திருச்சிவரை நெடுஞ்சாலையின் நடுவில் அவர்களுக்கென்றே ஒரு தனிப் பாதை ஒதுக்கியிருந்தார்கள். ஜனங்கள் அதைச் செவப்பு லேன் என்பார்கள். காற்றும் மழையும் பலமாக அடிக்கும் நாட்களில் ட்ரோன்கள் பறக்காது. அப்போது ரத்தமும், சில சமயம் இன்னொருவர் உடம்பிலிருந்து எடுத்த ஈரலோ சிறுநீரகமோ, குளிர்ப்பெட்டியில் இந்த மின்சார மோட்டார் சைக்கிள்களின் முதுகில்தான் போகும். லேனில் வேறு எந்த வண்டியும் நுழைய முடியாது. வேகத்துக்கும் தடை கிடையாது. காசிராஜன் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். லாரி, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் ஓட்டிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் இந்த வேலைக்கு வந்திருந்தார். யாராவது என்ன வேலை என்று கேட்டால் முதுகு தானாக நிமிரும்.

"பாட்டில் தண்ணி குடிக்கக்கூட ஒரு கையை எடுக்கப் பயமா இருக்குங்க" என்றார்.

"கேன்டீன்ல உட்காருங்க. சாப்பிட்டு வாங்க. பாத்துடலாம்."

அன்று காலை முழுக்க சுகிர்தாவும் சாதிக்கும் அந்த வண்டியைப் பிரித்து மேய்ந்தார்கள். சாதிக் சோதனை ஓட்டி. அவளோடு பல வருஷம் வேலை பார்த்தவன். டயரில் காற்று சரியாக இருந்தது. தேய்மானம் இரண்டு பக்கமும் சமம். சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்த்தார்கள். கோணல் இல்லை, எடை ஒரு பக்கம் சாயவில்லை. முன்பக்கத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலைத் திருப்பினாள். கழுத்துப் பேரிங் வெண்ணெயாகத் திரும்பியது, எங்கும் இடிக்கவில்லை, தளரவும் இல்லை. பின்சக்கரத்தைப் பிடித்து உலுக்கினாள். அதுவும் அசையவில்லை. பிறகு சாதிக் குளிர்ப்பெட்டியில் எடை வைத்துக்கொண்டு சோதனைத் தடத்தில் வண்டியை விரட்டினான். நூற்று எழுபதில் ஒரு கையை எடுத்து அவளுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனான்.

"தங்கமான வண்டி" என்றான் வந்து நிறுத்திவிட்டு. "அந்தாளு எதைச் சொல்றாரு?"

சாப்பாட்டுக்கு முன்னால் காசிராஜனையே ஓட்டச் சொன்னார்கள். மூன்றாவது சுற்றில் ஹேண்டில் துடிப்பது தடத்தின் ஓரத்தில் நின்றவர்களுக்கே தெரிந்தது.

அந்த ரக வண்டிகளில் கைப்பிடி ரப்பருக்கு அடியில் அழுத்தம் அறியும் பட்டைகள் உண்டு. முன்சக்கரத்தின் அச்சிலும் ஒரு கருவி உண்டு. கழுத்தில் ஒரு சிறு மோட்டார், மேடுபள்ளத்தில் ஹேண்டில் உதறினால் எதிர்ப்பக்கம் தள்ளி அடக்குவதற்காக. இத்தனையும் பதிந்து வைத்ததை சுகிர்தா திரையில் விரித்தாள். காசிராஜனை மறுபடி கேன்டீனுக்கு அனுப்பியாயிற்று.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சாதிக், இங்க வாயேன்" என்றாள்.

"என்ன?"

"வண்டியில கோளாறுன்னா முதல்ல சக்கரம் ஆடும். அந்த ஆட்டம் மேல ஏறி வந்து கையைத் தள்ளும். ரெண்டுக்கும் நடுவுல கண்ணு மூடித் திறக்கிறதைவிடச் சின்ன இடைவெளி. இதுல பாரு."

சாதிக் குனிந்து பார்த்தான். "தலைகீழால்ல இருக்கு."

"கைதான் முதல்ல. வலது கை. அது ஆடுன பின்னாடிதான் சக்கரம் ஆடுது."

"பயத்துல இறுக்கிப் பிடிச்சிருப்பாரு."

"இறுக்கினா ஒரே அழுத்தமா இருக்கும். இது தாளம் போடுது பாரு, விநாடிக்கு அஞ்சு தடவை, கொஞ்சம்கூட மாறாம. அந்த வேகத்துல இந்த வண்டிக்கும் அதே தாளம்தான். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தட்டிவிட்ட மாதிரி ஏத்திவிட்டுடுது. உன் கை தட்டலை, அதனால உனக்கு ஆடலை." அவள் பதிவைப் பின்னால் நகர்த்தினாள். "வண்டி நிக்கும்போதும் இருக்கு. சிக்னல்ல நிக்கும்போதும் இருக்கு. போன மாசமே இருக்கு. அதுக்கு முந்தின மாசம் இல்லை."

சாதிக் நிமிர்ந்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"எங்க பெரியத்தாவுக்கு, அப்பாவோட அண்ணனுக்கு, இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றான். "வலது கை. நடக்கும்போது அந்தக் கையை வீசமாட்டாரு. முகம் மரத்துப் போன மாதிரி ஆயிரும். அப்ப மருந்து இல்லை. இப்பதான் ஊசி வந்துருச்சே."

ஊசி வந்திருந்தது. நடுக்குவாதம் தலைகாட்டிய முதல் வருஷத்துக்குள் போட்டுக்கொண்டால் நோய் அங்கேயே நின்றுவிடும், ஒரு படி மேலே ஏறாது. வருஷம் தாண்டிவிட்டால் அதே ஊசி வெறும் தண்ணீர்தான். டிவியில் அன்றாடம் வந்த விளம்பரம் அது. ஒரு அப்பா மகள் கல்யாணத்தில் தாலிக்கொடியை எடுத்துக் கொடுப்பார். கை ஆடாது.

சுகிர்தா எழுந்து நேராகப் பிரிவுத் தலைவர் பிரகதீஸ்வரனின் அறைக்குப் போனாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். வரைபடத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சுகிர்தா, நீங்க டாக்டரா?"

"இல்லை சார். ஆனா..."

"நான் டாக்டரா? நாம ரிப்போர்ட்டுல இதை எழுதினா அது யாருக்குப் போகும்? வண்டி குருதி அஞ்சலோடது. அவங்களுக்குத்தான் போகணும். நாளைக்குக் காலையில அவரை வண்டியிலருந்து இறக்கிடுவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில பாத்துட்டு ஒண்ணுமில்லை, சும்மா அசதின்னு சொன்னா? திரும்ப ஏத்துவாங்களா?"

"எழுத வேண்டாம் சார். அவர்கிட்ட மட்டும் தனியா சொல்லிடுறேன்."

"சொன்னதுக்கு அப்புறம் அவர் வண்டி ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சும் விட்டீங்களான்னு கேப்பாங்க. சொன்னா எழுதணும். எழுதினா அனுப்பணும்." அவர் குரல் தணிந்தது. "நமக்கு வந்த புகார் என்ன? ஹேண்டில் ஆடுது. ஆடாம பண்ணிக் குடுங்க. கழுத்துல மோட்டார் சும்மாதானே உட்கார்ந்திருக்கு? அந்தத் தாளத்தை அதுக்குச் சொல்லிக் குடுங்க. கை இந்தப் பக்கம் தள்ளினா அது அந்தப் பக்கம் தள்ளட்டும். கை நடுங்கினா அவருக்கே தெரியாமலா போயிடும்? அவரே டாக்டரைப் பாப்பாரு."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவரே பார்ப்பார். சாப்பிடும்போது தெரியும், சட்டைப் பொத்தான் போடும்போது தெரியும், வீட்டில் மனைவி இருப்பாள். ஒரு மோட்டார் சைக்கிள்காரிதானா சொல்லித் தெரிய வேண்டும்?

பிற்பாடு அந்த மத்தியானத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அதிகம் உறுத்தியது இதுதான்: அவள் சந்தோஷமாக வேலை செய்தாள். அழகான கணக்கு அது. ஒரு கையின் நடுக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அவர் வேண்டுமென்றே திருப்புகிற திருப்பத்தைத் தொடக்கூடாது. துடிப்பு வருவதற்குச் சற்று முன்னாலேயே அது வரப்போவதை ஊகித்து எதிர்த்தள்ளு கொடுக்க வேண்டும். இரண்டு முறை தவறிப் போய் மூன்றாம் முறை கூடி வந்தபோது, நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். காசிராஜன் தடத்தில் நூற்று அறுபதில் போனார். திரையில் ஹேண்டிலின் கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

அவர் இறங்கி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"என்ன மேடம் ப்ராப்ளம்?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பதிலையும் தயாராகத்தான் வைத்திருந்தாள்.

"கழுத்துப் பேரிங். மாத்திட்டோம்."

மாற்றியது உண்மைதான். எதையாவது காட்ட வேண்டுமே என்று நல்ல பேரிங்கைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பேரிங்கைப் போட்டிருந்தார்கள். பழையதை அவர் கேட்டு வாங்கி, கிரீஸைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"உள்ள பள்ளம் விழுந்திருக்கும். வெளியில தெரியாது."

சாதிக் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். காசிராஜன் பேரிங்கை மேசையில் வைத்துவிட்டு, கைகூப்பி, "உசிரைக் குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலைத் தாண்டும்போது அவருடைய வலது கை வீசாமல் தொங்கியதை அவள் பார்த்தாள்.

அந்த வருஷக் கடைசியில் அவள் எழுதிய அந்தச் சிறு நிரல், குருதி அஞ்சலின் எல்லா வண்டிகளுக்கும் போனது. அடுத்த வருஷம் கடையில் விற்கும் வண்டிகளுக்கும். 'சாந்தம்' என்று பெயர் வைத்தார்கள். யார் கை எப்படி ஆடினாலும் ஹேண்டில் ஆடாது என்று விளம்பரம் செய்தார்கள். விழா நடத்திச் சுகிர்தாவுக்குச் சால்வை போட்டார்கள். சாதிக் விழாவுக்கு வரவில்லை. கேட்டதற்கு, வீட்டில் வேலை இருந்தது என்றான்.

அவள் காசிராஜனை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. போன் செய்யலாம் என்று சில தடவை நினைத்ததுண்டு. வாரங்கள் போகப் போக, இவ்வளவு நாள் கழித்து என்னவென்று சொல்வது என்ற கூச்சம் வந்து சேர்ந்தது. அப்புறம் அவரே பார்த்திருப்பார் என்ற எண்ணத்தை ஒரு போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மூன்றாவது வருஷம் ஒரு காலையில், சாந்தம் பொருத்திய வண்டிகள் அனுப்பும் தகவல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு விசித்திரத்தைக் கண்டாள். ஒரு வண்டி நாள் தவறாமல் மணிக்கணக்கில் ஓட்டத்தில் இருந்தது. ஆனால் ஓர் அடிகூட நகரவில்லை. வேகம் பூஜ்யம். கைப்பிடியில் மட்டும் இரண்டு கைகள். கழுத்து மோட்டார் இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருந்தது, இவள் இதுவரை பார்த்திராத பலத்தோடு. கருவிக் கோளாறு என்று நினைத்து வண்டி எண்ணைத் தட்டினாள். பழைய உரிமையாளர் குருதி அஞ்சல். இப்போதைய உரிமையாளர் இரா. காசிராஜன், பாடாலூர்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. முன்னால் தகரக் கூரை இறக்கி, அதன் கீழே அந்த வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. அதன்மேல் காசிராஜன் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். முகத்தில் எந்த அசைவும் இல்லை. இரண்டு கைகளும் ஹேண்டிலைப் பிடித்திருந்தன. பக்கத்தில் நின்று அவர் மனைவி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சுகிர்தாவை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"மேடம்!" என்றார். குரல் தாழ்ந்து, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "வளர்மதி, நான் சொல்வேன்ல, ஒரகடத்து மேடம். நாற்காலி எடுத்துட்டு வா. இறங்கலைன்னு தப்பா நினைக்காதீங்க மேடம். இறங்கினா உடம்பு பூரா ஆடும். இதுல உட்கார்ந்தா மட்டும் கை நிக்குது. கை நின்னா மனசும் கொஞ்சம் நிக்குது."

"பகல் பூரா இதுலதான்" என்றாள் வளர்மதி. "ரோட்டுல போறவங்க சிரிக்கிறாங்க. சிரிச்சா சிரிக்கட்டும்."

சுகிர்தா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "எப்பத் தெரிஞ்சது?"

"போன வருஷம். வண்டியில ஒண்ணுமே தெரியலை மேடம், கல்லு மாதிரி போகும். வீட்டுல கை கொஞ்சம் ஆடும். நாள் பூரா ஓட்டுற கை அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். திருச்சி ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கி, பெட்டியைத் தூக்கிட்டு நடக்கும்போதுதான் காலு பின்னிக்கிச்சு. பெட்டி படியில விழுந்து உடைஞ்சு போச்சு." சற்று நிறுத்தினார். "அந்த ரத்தம் யாருக்குன்னு நான் கேக்கலை. அவங்களும் சொல்லலை."

வளர்மதி தட்டை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாக நின்றாள்.

"ஊசிக்குக் காலம் தாண்டிருச்சுன்னுட்டாங்க" என்றார் அவர். "குருதி அஞ்சல்ல நம்ம பசங்கதான் பேசி, வேலையை விட்டப்ப இந்த வண்டியை எனக்கே வாங்கிக் குடுத்தாங்க. ஆனா மேடம், ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. அன்னைக்கு உங்ககிட்ட வந்தேன்ல? அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். ஆடுறது வண்டியா, என் கையான்னு. ராத்திரி தூக்கம் வராது. பெரம்பலூர்ல நரம்பு டாக்டர்கிட்ட பேரு பதிஞ்சு வெச்சிருந்தேன், இவளுக்குக்கூடத் தெரியாம. நீங்க பேரிங்னு சொன்னதும் வழியிலயே வண்டியை நிறுத்திப் போன் பண்ணி, வேண்டாம்னுட்டேன். அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? ஸ்வீட் வாங்கிட்டு வந்தேன். ஏன்னு இவ கேட்டா, சும்மாத்தான்னேன்."

தகரக் கூரையில் அணில் ஒன்று ஓடியது. சுகிர்தாவுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஒரகடத்திலிருந்து கிளம்பும்போது மன்னிப்புக் கேட்பதாகத்தான் இருந்தாள். இப்படி ஒன்றை அந்த மன்னிப்பு தாங்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"காசிராஜன்" என்றாள். "அது பேரிங் இல்லை."

அவர் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னாள். கை முதலில் ஆடியதை. நின்றிருக்கும்போதும் ஆடியதை. தெரிந்துதான் சொல்லவில்லை என்பதை. மேலிடத்தில் இப்படிச் சொன்னார்கள் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, "நான் சொல்லியிருக்கலாம், சொல்லலை" என்று முடித்தாள். வளர்மதியின் கையிலிருந்த தட்டு மட்டும் மெல்லச் சாய்ந்தது. பிறகு அவள் திடீரென்று முன்னால் வந்தாள்.

"உங்க வீட்டு ஆம்பளையா இருந்தா சொல்லாம இருப்பீங்களா?"

"வளர்மதி" என்றார் காசிராஜன்.

"இல்லைங்க, கேக்கட்டும்" என்றாள் சுகிர்தா. "சொல்லியிருப்பேன்."

அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்த நோய் முகத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்:

"இந்த சாந்தத்தை நிறுத்த முடியுமா மேடம்? கொஞ்ச நேரத்துக்கு?"

"எதுக்குங்க?" என்றாள் வளர்மதி.

"பாக்கணும்."

இடதுபக்க பிரேக்கையும் ஹாரன் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அது அணைந்துவிடும். சர்வீஸ் ஆட்களுக்காக வைத்த வழி. சுகிர்தா குனிந்து அழுத்தினாள். கழுத்து மோட்டாரின் மெல்லிய முனகல் நின்றது.

ஹேண்டில் ஆடத் தொடங்கியது. முதலில் வலப்பக்கம் மட்டும், பிறகு முழுவதும். கண்ணாடிகள் துடித்தன. முன்சக்கரம் சிமெண்டுத் தரையில் தேய்ந்து தேய்ந்து சத்தம் போட்டது. காசிராஜன் கைகளை எடுக்கவில்லை. யாரோ வேற்று மனிதனுடைய கைகளைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது மட்டும் அன்னைக்கு இப்படி ஆடிட்டே இருந்திருந்தா" என்றார், "நான் டாக்டரைப் பாத்திருப்பேன்."

"ஆமா."

"இப்ப நம்ம பசங்க எல்லார் வண்டியிலயும் இதுதானே இருக்கு?"

அவள் தலையசைத்தாள். எத்தனை ஆயிரம் வண்டிகள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வளர்மதி, போனை எடு. எங்க குரூப்புல வாய்ஸ் போடணும். வாய்கிட்ட பிடி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடித்தாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். "தம்பிகளா, தங்கச்சிகளா, காசி அண்ணன் பேசுறேன். வண்டியை ஸ்டாண்டு போடுங்க. லெஃப்ட் பிரேக்கு, ஹாரன், ரெண்டையும் சேத்து அமுக்குங்க. சாந்தம் ஆஃப் ஆகும். அப்புறம் ஹேண்டிலைச் சும்மா பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருங்க. ஆடுதான்னு பாத்துச் சொல்லுங்க. விளையாட்டு இல்லை."

பதில்கள் வந்தன. ஒருவன் சிரித்தான். ஒருவன், "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்றான். ஒருவன், "எனக்கு நிக்குதுண்ணே, பாறை" என்றான். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். வளர்மதி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். போகும்போது போனை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குரல் வந்தது. இளம் குரல். பின்னால் லேனில் வண்டிகள் போகும் இரைச்சல்.

"அண்ணே, விழுப்புரத்துலருந்து ஸ்டெல்லா பேசுறேன். எனக்கு லேசா ஆடுதுண்ணே. வலது பக்கம். இத்தனை நாளா எதுவுமே தெரியலையே. வண்டியில ஏதாவது கோளாறா?"

காசிராஜன் கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்தார். மடியிலிருந்த போனைத் தடவிப் பிடித்து, சுகிர்தாவின் பக்கம் நீட்டினார். அது அவர் கையில் படபடவென்று ஆடியது. அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.